பெர்னி ரைட்சன்: பூதத்தின் பக்கம் நின்றவர்

(ஓவியம் பயிலும் மாணவர்களுக்கான கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1948 ஆகஸ்டில் பிராங்க்ளின் பூத் என்ற அமெரிக்க ஓவியர் காலமானார். பத்திரிகைகளுக்குப் பேனாவும் மையும் கொண்டு கோட்டோவியம் வரைந்தவர். அதே வருடம் அக்டோபர் 27 அன்று, மேரிலாந்து மாநிலத்தில் பால்டிமோரை ஒட்டிய டண்டாக் என்ற ஊரில் பெர்னி ரைட்சன் பிறந்தார். இரண்டு மாத இடைவெளி. ஒருவரையொருவர் பார்த்திருக்க வழியே இல்லை. ஆனால் நான் இன்று பேசவிருக்கும் படங்களை எடுத்துப் பார்த்தால், இறந்தவர் பிறந்தவருக்குக் கை பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தது போலத் தோன்றும். அது எப்படி நடந்தது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ரைட்சன் வாழ்நாள் முழுக்க வரைந்தது பிணங்களையும் பேய்களையும் ஓநாய் மனிதர்களையும் சேற்றிலிருந்து எழுந்து வரும் உருவங்களையும்தான். அமெரிக்கத் திகில் காமிக்ஸில் அவர் அளவுக்கு சக ஓவியர்களால் கொண்டாடப்பட்டவர்கள் மிகச் சிலரே. அவரைப் பார்த்துப் பேனா பிடித்தவர்கள் உண்டு, கேமரா பிடித்தவர்களும் உண்டு. இங்கே இருக்கும் உங்களில் பலருக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது. 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' படம் தெரிந்திருக்கும். அதன் பூதங்களுக்கு ஆரம்ப வரைவு போட்டுக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

அவருக்கு ஓவியக் கல்லூரிப் படிப்பு கிடையாது. தொலைக்காட்சியில் ஜான் நேகி என்பவர் வரையக் கற்றுத்தரும் நிகழ்ச்சி ஒன்று நடத்திவந்தார். பந்து, உருளை, கூம்பு, கனசதுரம் இந்த நான்கும் தெரிந்தால் உலகத்தையே வரையலாம் என்பது நேகியின் பாடம். அதைப் பார்த்துக் கற்றார். அப்புறம் தபால் வழி ஓவியப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தார். இவை இரண்டும் போக, பேய்க்கதைக் காமிக்ஸ். இந்த மூன்றும்தான் அவருடைய பள்ளிக்கூடம்.

மூன்றாவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1950களின் தொடக்கத்தில் வில்லியம் கெய்ன்ஸ் நடத்திய ஈசி நிறுவனம் 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்' முதலிய திகில் காமிக்ஸை வெளியிட்டுக்கொண்டிருந்தது. அங்கே கிரஹாம் இங்கல்ஸ் என்றொரு ஓவியர். கோரம் என்று பொருள்படும் ஒரு சொல்லையே கையெழுத்தாகப் போட்டுக்கொண்டவர். அழுகித் தொங்கும் சதை, வாயோரம் ஒழுகும் எச்சில், கல்லறையைப் பிளந்து வரும் விரல்கள் இவற்றை அவர் வரைந்த மாதிரி அதற்கு முன் யாரும் வரைந்ததில்லை. ரைட்சனின் இளமைக்காலப் படங்களில் இங்கல்ஸின் சாயல் அப்பட்டமாகத் தெரியும்.

1954இல் பிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் படித்துத்தான் சிறுவர்கள் கெட்டுப்போகிறார்கள் என்று ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்க செனட்டின் துணைக்குழு விசாரணை நடத்தியது. கெய்ன்ஸ் போய் சாட்சி சொல்லிவிட்டு, தன் தொழிலுக்குத் தானே குழி தோண்டிக்கொண்டு திரும்பினார். அரசு சட்டம் போடுவதற்கு முன்னால் பதிப்பாளர்கள் முந்திக்கொண்டு, தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதியை எழுதிக்கொண்டார்கள். தலைப்பில் திகில் என்ற சொல்லோ பயங்கரம் என்ற சொல்லோ வரக்கூடாது. ரத்தக்காட்டேரி கூடாது, ஓநாய் மனிதன் கூடாது, செத்தவன் எழுந்து நடக்கக் கூடாது. ஈசியின் திகில் இதழ்கள் நின்றுபோயின. ரைட்சனுக்கு அப்போது ஆறு வயதுதான். அவர் எதன்மேல் ஆசைப்பட்டு வளர்ந்தாரோ, அது அவர் பேனாவைச் சரியாகப் பிடிப்பதற்குள் விலக்கப்பட்ட சரக்காகிவிட்டது.

அந்த விதி எந்த லட்சணத்தில் இருந்தது என்பதற்கு ஒரு வேடிக்கை. டிசி காமிக்ஸ் நிறுவனத்தில் மார்வ் உல்ஃப்மேன் என்று ஓர் எழுத்தாளர். உல்ஃப்மேன் என்றால் ஓநாய் மனிதன். கதையில் அந்தப் பெயர் வந்ததும் தணிக்கைக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். 'ஐயா, அது அவருடைய நிஜப் பெயர்' என்று நிறுவனம் விளக்க வேண்டியிருந்தது.

விதிக்கு ஒரு சந்தும் இருந்தது. அது சின்ன அளவு காமிக்ஸ் புத்தகங்களுக்குத்தான். ஜேம்ஸ் வாரன் என்பவர் பெரிய அளவில், கறுப்பு வெள்ளையில், பத்திரிகை என்ற பெயரில் 1964இல் 'கிரீப்பி'யைக் கொண்டுவந்தார். பத்திரிகைக்கு விதி பொருந்தாது. திகில் கதை அங்கே திரும்ப உயிர் பெற்றது. 1966இல் அதன் வாசகர் பக்கத்தில் பால்டிமோர்ப் பையன் ஒருவன் அனுப்பிய படம் வந்தது. அவன்தான் ரைட்சன். அதே வருடம் 'பால்டிமோர் சன்' நாளிதழில் ஓவியராகச் சேர்ந்தார். அந்நாளில் ஆங்கிலத்தில் தன் முதற்பெயரின் கடைசி எழுத்தை வெட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அதே பெயரில் நீச்சல்குள டைவிங் வீரர் ஒருவர் இருந்ததுதான் காரணம். அந்த வீரர் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தங்கமே வாங்கினார்.

1967இல் நியூயார்க்கில் நடந்த காமிக்ஸ் ரசிகர் கூட்டத்துக்குப் போன ரைட்சன், அங்கே பிராங்க் ஃபிரசெட்டாவைச் சந்தித்தார். பெரிய ஆள். அவருடைய எண்ணெய்ச் சாய அட்டைப்படங்களுக்காகவே புத்தகம் வாங்கியவர்கள் உண்டு. அந்தச் சந்திப்பு ரைட்சனைச் சொந்தமாகக் கதை வரையத் தூண்டியது. 1969 வாக்கில் டிசியின் 'ஹவுஸ் ஆஃப் மிஸ்டரி' இதழில் அவர் படங்கள் வரத் தொடங்கின.

இனி 1971. தணிக்கை விதி அந்த வருடம் தளர்ந்தது. டிராகுலா, பிராங்கன்ஸ்டைன் மாதிரி பழைய இலக்கியத்தில் இருக்கிற பூதம் என்றால் பரவாயில்லை என்றார்கள். (நடக்கும் பிணத்துக்கு மட்டும் இலக்கிய அந்தஸ்து கிடைக்கவில்லை.) அந்த வருட 'ஹவுஸ் ஆஃப் சீக்ரெட்ஸ்' 92ஆம் இதழில் லென் வீன் எழுதி ரைட்சன் வரைந்த எட்டுப் பக்கக் கதை ஒன்று வந்தது. அலெக்ஸ் ஓல்சன் என்ற விஞ்ஞானியை அவன் நண்பனே வெடிவிபத்து போலச் செய்து கொன்றுவிடுகிறான். சடலம் சதுப்பு நிலத்தில் கிடந்து, பாசியும் வேருமாக எழுந்து நடந்து தன் வீட்டுக்கு வருகிறது. அங்கே மனைவி அந்த நண்பனையே மறுமணம் செய்திருக்கிறாள். அவன் அவளையும் கொல்லப் பார்க்கிறான். அந்த உருவம் அவனைக் கொன்று அவளைக் காப்பாற்றுகிறது. அவளோ அதைப் பார்த்து அலறுகிறாள். 'நான்தான்' என்று சொல்ல அதற்கு வாய் வரவில்லை. திரும்பிச் சதுப்புக்கே போய்விடுகிறது. அவ்வளவுதான் கதை.

காதல் முறிந்து ரைட்சன் சோர்ந்திருந்த நேரத்தில் அந்தக் கதையைக் கொடுத்ததாக வீன் பிற்பாடு சொல்லியிருக்கிறார். நேரம் இல்லாததால் நண்பர்களை நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்து வரைந்தார்கள். அட்டையில் இருக்கும் பெண்ணுக்கு மாதிரியாக நின்றவர் லூயிஸ் சைமன்சன், பின்னாளில் பெயர்பெற்ற பதிப்பாசிரியராகவும் எழுத்தாளராகவும் ஆனவர். வில்லனாக நின்றவர் மைக்கேல் கலூட்டா, அவரும் ஓவியர். இதழ் நன்றாக விற்றது. 1972இல் அந்தச் சதுப்பு உருவம் 'ஸ்வாம்ப் திங்' என்ற பெயரில் தனித் தொடராக வந்தது. ரைட்சன் பத்து இதழ்கள் வரைந்தார்.

அந்தப் பத்து இதழ்களின் கதைகளை நான் பெரிதாக மதிக்கவில்லை. ஒரு மாதம் ஓநாய் மனிதன், இன்னொரு மாதம் சூனியக்காரி, இன்னொரு மாதம் பேட்மேன் என்று வந்து போவார்கள். ஆனால் படங்கள்! பூதத்தின் முதுகைப் பாருங்கள். ரைட்சன் அதை எப்போதும் கொஞ்சம் கூனலாகத்தான் வரைந்தார். தோளில் கண்ணுக்குத் தெரியாத பாரம். பக்கத்தில் இருக்கும் மனிதர்கள் நேராக நிற்பார்கள், கோட்டு போட்டிருப்பார்கள், கொலை செய்வார்கள். யார் பக்கம் நாம் சாய வேண்டும் என்பதை உரையாடல் சொல்வதற்கு முன்னால் முதுகெலும்பின் வளைவு சொல்லிவிடுகிறது.

1974இல் டிசியை விட்டு வாரன் பத்திரிகைகளுக்குப் போனார். அங்கே எட்கர் ஆலன் போவின் 'கறுப்புப் பூனை'யையும் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் ஒரு கதையையும் வரைந்தார். புரூஸ் ஜோன்ஸ் எழுதிய 'ஜெனிஃபர்' என்ற கதையையும் வரைந்தார். அழகான உடல், கோரமான முகம் கொண்ட ஒரு பெண் ஒருவனின் வாழ்க்கையைக் குலைப்பது அந்தக் கதை. இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜெண்டோ 2005இல் அதைத் தொலைக்காட்சிக்காகப் படமாக்கினார்.

1975இல் மன்ஹாட்டனில் நான்கு ஓவியர்கள் சேர்ந்து ஓர் இடத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். ஜெஃப்ரி ஜோன்ஸ், கலூட்டா, பாரி விண்ட்சர்-ஸ்மித், ரைட்சன். 1979 வரை அங்கே வேலை செய்தார்கள். நால்வரும் மாதாந்திர காமிக்ஸ் என்ற செக்கிலிருந்து விலகி, பழைய காலப் புத்தக ஓவியர்களைப் படித்துக்கொண்டிருந்தவர்கள். பக்கத்து மேசையில் நல்ல ஓவியன் உட்கார்ந்திருக்கும்போது சோம்பல் வருவது கடினம். இந்தக் காலத்தில்தான் ரைட்சன் தன் வாழ்வின் முக்கியமான வேலையைத் தொடங்கினார்.

மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' நாவலுக்குப் படம் போட முடிவு செய்தார். யாரும் கேட்கவில்லை, யாரும் முன்பணம் கொடுக்கவில்லை. கூலிக்குச் செய்யும் வேலைகளுக்கு இடையே கிடைத்த நேரத்தில் ஏழு வருடம் வரைந்தார். ஏறத்தாழ ஐம்பது படங்கள். 1983இல் திகில் நாவலாசிரியர் ஸ்டீபன் கிங்கின் முன்னுரையோடு மார்வெல் நிறுவனம் அதை வெளியிட்டது.

இங்கேதான் பிராங்க்ளின் பூத் வருகிறார்.

பூத் இந்தியானா மாநிலத்தில் ஒரு பண்ணைவீட்டுப் பையன். வீட்டுக்கு வரும் பத்திரிகைகளில் இருக்கும் படங்களைப் பார்த்து வரைந்து பழகினார். அந்தப் படங்கள் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டவை. கெட்டியான பாக்ஸ் மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பில் கூர்மையான உளியால் கீறுவார்கள். கீறிய இடம் வெள்ளை, மிச்சம் கறுப்பு. சாம்பல் நிறம் என்பதே கிடையாது. மேகமோ கன்னமோ பட்டுத்துணியோ, எல்லாம் கோட்டின் கனத்திலும் கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியிலும்தான் வர வேண்டும். இது எதுவும் அந்தப் பையனுக்குத் தெரியாது. பேனாவால் வரைந்த படம் என்றே நினைத்துக்கொண்டான். ஆகவே உளி செய்த வேலையைப் பேனாவால் செய்து பழகினான். சொல்லித் திருத்த யாருமில்லை. உண்மை தெரியவந்தபோது கை பழகிவிட்டிருந்தது. இதற்கிடையில் புகைப்பட முறையில் பிளாக் எடுக்கும் தொழில்நுட்பம் வந்து மரச்செதுக்குக்காரர்களின் பிழைப்பு போய்விட்டது. செத்துப்போன ஒரு கைத்தொழிலின் தோற்றம், அந்தத் தொழிலையே அறியாத ஒருவரின் பேனாவில் தங்கிவிட்டது.

ரைட்சன் இதைத்தான் எடுத்துக்கொண்டார். தன் 'பிராங்கன்ஸ்டைன்' பழங்காலப் புத்தகம் போல, அக்காலச் செதுக்குப் படங்கள் கொண்டதைப் போல இருக்க வேண்டும் என்று விரும்பியதாக அவரே சொல்லியிருக்கிறார். பூத்தின் சாமர்த்தியம் வானம், மரம், மாளிகை, பிரமாண்டம். அந்தக் கோடுகளை ரைட்சன் சடலத்தின்மேல் போட்டார். கோடு தசையின் போக்கிலேயே ஓடி, எலும்பு வரும் இடத்தில் மெலிந்து, நிழல் வரும் இடத்தில் தடித்து, கடைசியில் கறுப்பில் கலந்துவிடுகிறது. ஓவிய மாணவர்களுக்குச் சொல்கிறேன்: அவர் படத்தில் ஒரு கட்டைவிரல் அளவு இடத்தை எடுத்துக்கொண்டு எந்தக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். வேண்டாத கோடு ஒன்றைக் காட்டுவது கஷ்டம்.

ஆய்வுக்கூடப் படம் எல்லாவற்றிலும் புகழ் பெற்றது. அறை முழுக்கக் கண்ணாடிக் குடுவைகள், குழாய்கள், புட்டிகள். ஒவ்வொரு குடுவையிலும் வெளிச்சம் வேறு மாதிரி விழுகிறது. அவற்றுக்கு நடுவே படைத்தவனும் படைக்கப்பட்டவனும். சினிமாவில் பயமுறுத்தச் சத்தம் இருக்கிறது, திடீரென்று கதவு திறக்கிறது. காகிதத்தில் அதெல்லாம் நடக்காது. வாசகர் பயந்தால் பக்கத்தைத் திருப்பிவிடலாம். ரைட்சன் கண்டுபிடித்த வழி கண்ணைப் போகவிடாமல் நிறுத்திவைப்பது. குடுவை குடுவையாகப் பார்த்துக்கொண்டே வருகிறோம். அதற்குள் அந்த அறையில் ரொம்ப நேரமாக நாமும் இருக்கிறோம் என்று உறைக்கிறது.

இன்னொரு விஷயம் அவர் துணிவைக் காட்டுகிறது. 1931இல் வந்த படத்தில் போரிஸ் கார்லாஃப் போட்ட வேஷம், தட்டைத் தலை, கழுத்தில் திருகாணி, உலகம் முழுக்கப் பதிந்துவிட்டது. ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸின் கைவண்ணம் அது. பிராங்கன்ஸ்டைன் என்றாலே குழந்தைகள்கூட அதைத்தான் வரைவார்கள். ரைட்சன் அதை ஒதுக்கிவிட்டு நாவலைத் திறந்தார். நாவலில் வருவது எட்டடி உயரம், நீண்ட கருங்கூந்தல், நீர் கோத்த கண்கள், கறுத்த உதடு, வெண்பற்கள். அது பேசும். மில்டன் படிக்கும். தன்னைப் படைத்தவனிடம் நியாயம் கேட்கும். ரைட்சனின் பூதத்துக்கு உதடு இழுத்துக்கொண்டு பல் எப்போதும் தெரிகிறது. சிரிப்பு மாதிரி இருக்கிறது, சிரிப்பில்லை. அந்தப் பூதத்தைக் காட்டுக்குள்ளும் பனியிலும் தனியாக நிறுத்தி, கவனமாக, மரியாதையோடு வரைந்திருக்கிறார். என் கண்ணுக்கு அந்தப் புத்தகத்தில் பயமூட்டும் முகம் அதைப் படைத்த விக்டருடையதுதான்.

சரி, இவரிடமிருந்து மற்றவர்கள் என்ன எடுத்துக்கொண்டார்கள்? பெரும்பாலானவர்கள் எடுத்துக்கொண்டது எச்சிலை. ஒழுகும் வாய், தொங்கும் பாசி, இரண்டு பக்கமும் மொட்டை மரம். அப்படிப்பட்ட படங்கள் அமெரிக்காவில் மலை மலையாக உண்டு. அதைத் தூண்டுதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேறு விதமாக எடுத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். 1984இல் ஆலன் மூர் என்ற எழுத்தாளர் 'ஸ்வாம்ப் திங்' தொடரைக் கையில் எடுத்து, ஸ்டீபன் பிஸெட், ஜான் டோட்டில்பென் இருவரும் வரைய, கதையின் அடிப்படையையே புரட்டிப்போட்டார். அதுவரை அது பூதமாக மாறிய மனிதன். மூர் சொன்னார்: மனிதன் அன்றே செத்துவிட்டான், இது தன்னை மனிதன் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒரு செடி. வீனும் ரைட்சனும் போட்ட அடித்தளத்தில் இருந்த துக்கத்தை அவர் இன்னும் ஆழத்துக்குத் தோண்டினார். அந்தப் பூதத்தின் கூனல் முதுகு இல்லாமல் இந்த யோசனை யாருக்கும் வந்திருக்காது என்பது என் கட்சி.

அடுத்தவர் கியர்மோ டெல் டோரோ, மெக்சிகோவிலிருந்து வந்த இயக்குநர். ரைட்சனின் பிராங்கன்ஸ்டைன் படங்களின் மூலப் பிரதிகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். அவர் எடுத்த 'பிராங்கன்ஸ்டைன்' 2025இல் வெளியானது. அதில் ஜேக்கப் எலோர்டி நடித்த பூதத்தைப் பாருங்கள். முகம் ரைட்சனுடையது இல்லை, தோலும் வேறு. நீண்ட முடியும், பனிவெளியில் நிற்கும் தனிமையும், பார்ப்பவரின் பரிவைக் கேட்கும் உடல்மொழியும் ரைட்சனிடமிருந்து வந்தவை. பிடித்த முகத்தைப் பெயர்த்து வைப்பது டெல் டோரோவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதைச் செய்யாமல் விட்டதற்காகவே அவரைப் பாராட்டுகிறேன்.

ரைட்சன் வரைந்ததெல்லாம் பொன் என்று சொல்லமாட்டேன். 1988இல் வந்த 'பேட்மேன்: தி கல்ட்' எனக்கு ஏமாற்றம். அங்கங்கே பழைய கை தெரிகிறது. பல பக்கங்களில் மாதக் கெடு தெரிகிறது. ஏழு வருடம் எடுத்துக்கொண்ட மனிதரை மாதக் கணக்கில் ஓட்டினால் அப்படித்தான். ஸ்டீபன் கிங்கோடு செய்த வேலைகள் எனக்கு இன்னும் பிடிக்கும், 1982இன் 'கிரீப்ஷோ' காமிக்ஸும் அடுத்த வருட ஓநாய் மனிதன் நாவலும். எத்தியோப்பியப் பஞ்சத்தின்போது நிவாரண நிதிக்காக ஜிம் ஸ்டார்லினோடு சேர்ந்து, பல ஓவியர்களையும் எழுத்தாளர்களையும் கூட்டி ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தார். அதையும் பதிவு செய்ய வேண்டும்.

கடைசிக் காலத்தில் அவர் மறுபடி பிராங்கன்ஸ்டைனிடமே போனார். ஸ்டீவ் நைல்ஸ் எழுத, 'பிராங்கன்ஸ்டைன் அலைவ், அலைவ்!' 2012இல் தொடங்கியது. நாவல் முடிந்த பிறகு பூதம் என்ன ஆனது என்பது கதை. அதற்குள் மூளையில் புற்றுநோய். 2017 ஜனவரியில் ஓய்வு அறிவித்தார். மார்ச் 18 அன்று, 68ஆம் வயதில் காலமானார். மீதியிருந்த கடைசி இதழை முடித்துக் கொடுத்தவர் கெல்லி ஜோன்ஸ், ரைட்சனைப் பார்த்து வளர்ந்த ஓவியர். முடித்துக் கொடுக்கும்படி ரைட்சனே அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ரைட்சனின் 'பிராங்கன்ஸ்டைன்' புத்தகத்தை இந்த மேசைமேல் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் கை கழுவிவிட்டு வந்து புரட்டுங்கள், ஆய்வுக்கூடப் படத்தை அவசரப்படாமல் பாருங்கள். வீட்டுக்குப் போய் பிராங்க்ளின் பூத்தின் படங்களைத் தேடிப் பாருங்கள், பூத் பார்த்துப் பழகிய பழைய மரச்செதுக்குப் படங்களையும் தேடுங்கள். நிப்பும் கறுப்பு மையும் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. டேப்லட்டில் வரைபவர்களும் வாங்குங்கள். பூதம் வரைய வேண்டாம். ஒரு கண்ணாடிக் குடுவையை மட்டும், சாம்பல் நிறம் பூசாமல், வெறும் கோட்டிலேயே வரைந்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.